மஞ்சளா, ஊதாவா

மண்ணரை,
2008, புரட்டாசி

மாமாவுக்கு,

நம் தெரு வழியாக விரைவு பஸ்ஸுக்குத் தனிப்பாதை வருகிறதாம். போன வாரம் ஒரு பெண் பெரிய வரைபடத்தோடு வந்தாள். வீடுகளுக்கு மஞ்சள், கம்பெனிகளுக்கு ஊதா என்று தீட்டிக்கொண்டே வந்தவள் நம் வாசலில் நின்றாள்.

"ஏனுங்க அக்கா, இது ஊடுங்களா, கம்பெனிங்களா?"

நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். கூடத்தில் நான்கு தையல் மிஷின்கள். கட்டில் நிறையப் பனியன் துணிக் கட்டுகள். "படுக்கறக்கு இடமில்லாத கம்பெனீல எனக்கென்ன வேலை?" என்று நீங்கள் கிளம்பிய அன்றுகூட நான் மிஷினை நிறுத்தவில்லை.

"ஊடுதான் கண்ணு" என்றேன்.

"எத்தனை பேருங்க குடியிருக்கறீங்க?"

"ரெண்டு பேரு. நானும் எங்க ஊட்டுக்காரரும்."

மஞ்சள் தீட்டினாள். ஏறி இறங்க ஆள் இருக்குமென்று, மஞ்சள் நிறைய இருக்கும் பக்கம் பாதையைக் கொஞ்சம் வளைக்கப் பார்ப்பார்களாம்.

அன்று மத்தியானம் மிஷின் மேலேயே தலை சாய்ந்துவிட்டது. கனவில் அந்த பஸ் நம் கூடத்துக்குள் வந்தது. சத்தமே இல்லை. காற்றில் துணி மிதப்பதுபோல் வந்து, கட்டில் இருந்த இடத்தில் நின்றது. அதுதான் நிறுத்தம். நீங்கள் இறங்கினீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வீடு இதுதானா என்று யாரையோ கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் விழிப்பு வந்துவிட்டது.

ஐப்பசியில் சரிபார்க்க மறுபடி வருவார்களாம். துணிக் கட்டுகளையெல்லாம் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டேன்.

அந்தப் பெண்ணிடம் நான் பொய் சொன்னதாக ஆகிவிடக் கூடாது.

இப்படிக்கு,
மஞ்சள் வீட்டில் இருப்பவள்