எழினி வளையல் வாங்க வரும் வேளையில் சங்கு ஊதற்க

திசை நான்கும் செவிசாய்க்கும் வெண்கோட்டு நாட்டு வேந்தர் நெடுவேள் ஆதனார் மொழிந்தருள, ஓலைநாயகம் கீரஞ்சாத்தன் எழுதுவது. சங்குத்துறைப் பட்டினத்து வணிகர் தலைவர் பெருங்கொற்றனார் காண்க. உமது கடலில் முத்தும் உமது தெருவில் கூட்டமும் குறையாதிருக்க.

வளையல் தெருவுக்கு வருவோரை வாசலிலேயே சங்கூதி, பன்னீர் தெளித்து, கையைப் பற்றி அமர்த்தி, கேளாமலே வளையல் ஏற்றுவது உம் ஊர் உபசாரம். மணப்பெண் தன் வளையலைத் தானே தேர்ந்தாலன்றி மணமில்லை என்பதும் உம் ஊர் வழக்கே.

நெசவாளர் மகள் எழினியோ ஓசையும் தொடுகையும் நம்மினும் பன்மடங்கு உறைக்கும் இயல்பினள். இருமுறை வந்து, இருமுறையும் செவிபொத்தித் திரும்பினாள். உபசாரம் போதவில்லை என்று கருதிய நீர், மூன்றாம் முறை சங்குகளை இரட்டித்து யானையும் நிறுத்தினீர் என அறிகிறோம். அன்புதான், ஐயமில்லை. பின்னர் அவளுக்கு மருத்துவரை அனுப்பினீர். அவரிடம் அவள், “காது நல்லாத்தான் கேக்குது வைத்தியரே. அதான் தொல்லையே” என்றாளாம். ஆவணியில் மணம், வளையல் இன்னும் கடையில்.

அவள் செவிக்கு அத்தெரு எவ்வாறிருக்கும் என்றறிய ஆவலுற்ற வேந்தர், மாற்றுடையில் எம்மோடு வந்தருளினார். பாதித் தெருவில் வந்த காரியம் மறந்தார். தெருமுனையில் தம் பெயரையே யோசித்துத்தான் சொன்னார். அன்று அவர் கையில் ஏற்றிய வளையல்கள் இன்னும் கழலவில்லை.

என்ன செய்யலாம் என்று அவை நெடிது ஆராய்ந்தது. அவளையே கேட்கலாமே என்றார் ஒருவர். அவை வியந்தது.

கேட்டோம். தன் கையைத் தானே அறிந்தவள் என்றும், வளையலைத் தானே ஏற்றிக்கொள்வாள் என்றும், பேசாமல் நெடுநேரம் பார்த்து நின்றால் சினமென்று கொள்ளலாகாது என்றும் கூறினாள். யானை அழகு என்றும், ஆயினும் வேண்டா என்றும் கூறினாள்.

ஆதலின் ஆணையாவது: நாள்தோறும் கதிரெழுந்து நான்கு நாழிகை வரை சங்கும் பன்னீரும் கைப்பிடியும் ஒழிக. தெருமுனைக் கிடங்கில் நிழலும் இருக்கையும் அமைக்க. அங்கு அமர்ந்தவரை ஏனென்று வினவற்க. இது அவள் ஒருத்திக்கன்று. செவிபொத்தி நின்றோர் இன்னும் உளர், நாம் கண்டோம்.

இவ்வாணை வருமென முன்னரே அறிந்து, அதை ஊரறிய முழங்க நீர் முரசுகள் வரவழைத்திருப்பதாகக் கேள்வி. திருப்பி அனுப்புக. எழுதி வாசலில் வைத்தால் தான் படித்துக்கொள்வதாக எழினி சொல்லியிருக்கிறாள்.

அவள் வருகையில் அகமகிழ்ந்து, ஏதேனும் செய்தே தீரவேண்டுமென்று கை துடித்தால், ஒருபுறம் நகர்ந்து வழிவிடுக.

இது வேந்தர் ஆணை. அரக்கு முத்திரை, தட்டாமல் அழுத்தி இடப்பட்டது.