பதினோராவது பொருள்: வாள்

டத்தோ கிராமாட்,
பினாங்கு.
வியாழன் இரவு

அன்புள்ள அண்ணன் கிஷனுக்கு,

உன் தங்கை காமினி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அப்பாவும் நலம்தான். நீயும் அங்கே நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். அப்படி நினைக்காவிட்டால் பேனா ஓடாது.

முதலில், உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் சிறை அதிகாரிக்கு ஒரு வார்த்தை. ஐயா, இதில் வாள், கேடயம், தலைக்கவசம் என்றெல்லாம் வரும். எல்லாம் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ரோமானியர்களின் சமாச்சாரம். வாள் மரத்தில் செய்தது. அதுவும் இப்போது என் கையில் இல்லை. தயவுசெய்து கருப்பு மை பூசாமல் என் அண்ணனிடம் கொடுங்கள்.

அண்ணா, அப்பாவுக்கு இந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். பதினொன்றரைக்குக் கம்பெனி பஸ் முனையில் நிற்கும் சத்தம் கேட்கும். அதற்குள் முடிக்க வேண்டும். மேசை விளக்கின் மேல் துண்டைப் போட்டிருக்கிறேன். நீ போன நாளிலிருந்து உன் பெயரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று உனக்குத் தெரியும். எழுதக்கூடாது என்று அப்பா தனியாகச் சொல்லவில்லை. ஆனால் கேட்டால் அதையும் சொல்வார். அதனால் கேட்கவில்லை.

போன தடவை உன்னைப் பார்க்க வந்தபோது, காமினி ஏதோ நாடகத்தில் நடிக்கிறாள் என்று அம்மா சொன்னாராம். நாடகம் இல்லை. பழைய காலத்துப் படைவீரர்கள் என்ன உடுத்தினார்கள், எதைச் சுமந்தார்கள், எப்படி நடந்தார்கள் என்று அப்படியே செய்து காட்டுவது. நாளை மறுநாள் சனிக்கிழமை, பள்ளிகளுக்கிடையே போட்டி. எங்கள் வரலாற்றுக் கழகத்திலிருந்து ஆறு பெண்கள் போகிறோம். மற்ற பள்ளிகள் மலாக்கா, சோழர் என்று எடுத்துக்கொண்டன. என் தோழி லைலாதான் ரோமானியப் படை என்றாள். ஏன் என்று டீச்சர் கேட்டதற்கு, வேற யாரும் எடுக்க மாட்டாங்க டீச்சர் என்றாள். அவ்வளவுதான் காரணம்.

என்னைச் செஞ்சூரியனாக நிறுத்தினார்கள். எண்பது பேரை நடத்துகிற தலைவனுக்கு அந்தப் பெயர். எனக்கு ஐந்து பேர். கட்டளைகளை லத்தீனில் கத்த வேண்டும். உன் தொண்டைக்கு மைக் வேணாம்லா, பசார்ல நின்னா மீனெல்லாம் பத்து நிமிஷத்துல வித்துரும் என்று லைலா சொன்னாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

இந்தப் போட்டியில் ஒரு விதி உண்டு. உடம்பில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் யார் செய்தது, எந்தக் காலத்து மாதிரி என்று பட்டியல் எழுதித் தர வேண்டும். நீதிபதிகள் அதில் எதையாவது தொட்டுக் கேட்பார்கள். அணிந்திருப்பவரே மைக்கில் பதில் சொல்ல வேண்டும். இருக்க வேண்டிய பொருள் இல்லையென்றால், ஏன் இல்லை என்றும் அந்த வரியில் எழுத வேண்டும். காரணம் சொல்லி விட்டால் குற்றமில்லை. மறைத்தால்தான் குற்றம். இந்த விதியை ஞாபகத்தில் வைத்துக்கொள் அண்ணா.

பொருள்களைத் தேடும் வேலை என்னுடையது. மூன்று மாதம் தேடினேன். முதலில் பட்டர்வொர்த்தில் வேஷ உடுப்பு வாடகைக்கு விடும் ஒரு கடைக்குப் போனோம். பிளாஸ்டிக் தலைக்கவசம், அதன் மேல் சிவப்பு விளக்குமாறு. லைலா அதைத் தலைகீழாகப் பிடித்துக் கடைத் தரையைக் கூட்டிக் காட்டினாள். கடைக்காரர் எங்களை வெளியே போகச் சொன்னார்.

பிறகு இணையத்தில் ஐரோப்பியக் கடைகளைப் பார்த்தேன். ஏழெட்டுக் கடைகள். எல்லாவற்றிலும் ஒரே தலைக்கவசத்தின் படம். கன்னத்தை மூடும் தகட்டில் ஒரே இடத்தில் ஒரே கீறல். அப்படியானால் எல்லோரும் எங்கேயோ ஒரே ஆளிடம் வாங்கி விற்கிறார்கள். அந்த ஆளைத் தேடினேன். வட இந்தியாவில் ஒரு சின்னப் பட்டறை. உரிமையாளர் பெயர் சாதிக். ஆங்கிலத்தில் எழுதினேன், மறுநாளே பதில் வந்தது. வணக்கம்கூட இல்லை. எந்த நூற்றாண்டு, எந்த எல்லையில் நின்ற படை, தலையின் சுற்றளவு என்ன என்று மூன்றே கேள்விகள். முதல் நூற்றாண்டுக்கும் மூன்றாம் நூற்றாண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு நான் விற்பதில்லை என்று கீழே ஒரு வரி.

அண்ணா, இரண்டு வருடமாக எங்கே போனாலும், நீ யாரோட தங்கச்சி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்த நூற்றாண்டு என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். ராத்திரி முழுக்கப் படித்துவிட்டு, முதல் நூற்றாண்டு, ரைன் நதிக்கரை என்று எழுதினேன்.

மூன்றாவது கேள்வியில்தான் கோட்டை விட்டேன். பள்ளியிலிருந்து வந்த கையோடு, இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டியபடியே தலையை அளந்து அனுப்பிவிட்டேன். தலைக்கவசம் வந்ததும் போட்டுப் பார்த்தால் மூக்கு வரைக்கும் இறங்கியது. லைலா அரை மணி நேரம் சிரித்தாள். கடைசியில் சோங்கோக் தொப்பி தைக்கிற ஹபீபா பீவியிடம் தூக்கிக்கொண்டு போனோம். தொப்பி தைப்பவருக்குத்தானே தலை தெரியும். அவர் உள்ளே கையை விட்டுப் பார்த்து, என்னா பாப்பா இது, பிரியாணிச் சட்டியக் கொண்டாந்து தலைக்குத் தச்சுக் குடுங்கிற என்றார். ஆனால் சோங்கோக்குக்குள் வைக்கிற மாதிரியே கெட்டித் துணியை மடித்து மடித்து உள்தொப்பி தைத்துக் கொடுத்தார். இப்போது பின்னலும் உள்ளே அடங்குகிறது, தலையும் ஆடவில்லை. பட்டியலில் அவர் பெயர்தான் இரண்டாவது.

மார்புக் கவசத்துக்குப் பாகான் டாலாமில் காவடி செய்யும் சோமு அண்ணனைப் பிடித்தோம். தகட்டை வளைத்து, அடுக்கடுக்காகத் தோல் வாரில் கோத்திருக்கும் படத்தைக் காட்டியதும், இவ்ளோதானா, தைப்பூசத்துக்கு முதுகுல இதவிடப் பெருசாத் தூக்குறாங்க என்றார். ஆறு கவசமும் அவர் செய்ததுதான்.

இனி வாள். சாதிக் அதற்கு மட்டும் மறுத்துவிட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாள் அனுப்ப மாட்டேன், உறை அனுப்புகிறேன், வாளை மரத்தில் செய்துகொள்ளுங்கள் என்று எழுதினார். பாலிக் புலாவில் இருக்கும் லைலாவின் மாமா டுரியான் மரத்தில் ஆறு பேருக்கும் செதுக்கிக் கொடுத்தார். படைவீரர்களுக்கு வாள் வலது பக்கம் தொங்கும். செஞ்சூரியனுக்கு மட்டும் இடது பக்கம். அந்த உறைக்குள் மரவாள் போய் உட்கார்ந்தபோது ஒரு சத்தம் வந்தது பார், அதை உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை முடிந்ததும் எங்கள் பொறுப்பாசிரியை ஜெகதீஸ்வரி டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோச்சுக்காதம்மா என்றுதான் ஆரம்பித்தார். போட்டோவெல்லாம் பேப்பர்ல வரும், நீ கையில கத்தியோட நின்னா நல்லா இருக்காது, உங்க வீட்டு விஷயம் எல்லாருக்கும் தெரியும்லா என்றார். மரவாள் டீச்சர் என்றேன். மரமோ இரும்போ, படத்துல ஒண்ணுதான் என்றார். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் என்றும் சொன்னார். வாளை லைலா இடுப்பில் கட்டிக்கொள்ளட்டும், நீ உறையையும் கழற்றி வைத்துவிடு, பட்டியலில் பதினோராவது வரியை அடித்துவிடு, யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். வாளை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

லைலா தொட மாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள். ரெண்டு வாள் இடுப்புல தொங்கினா நான் ரோமன் இல்ல டீச்சர், கசாப்புக் கடை என்றாள். டீச்சர் சிரிக்கவில்லை. வாள் இன்னும் அலமாரிக்குள்தான் இருக்கிறது.

(பஸ் சத்தம் கேட்டது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தேன். அப்பா சாப்பிட்டுப் படுத்துவிட்டார். இப்போது மணி ஒன்று. மெதுவாக எழுதுகிறேன்.)

அப்பா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். போன வாரம் என் கட்டிலுக்கு அடியில் தலைக்கவசத்தைப் பார்த்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். கையில் எடுத்து எடை பார்த்தார், திருப்பினார், எங்க செஞ்சது என்று கேட்டார். சொன்னேன். தறையாணி அடிச்சவன் அவசரத்துல அடிச்சிருக்கான் என்றார். அப்புறம்தான் கோபம் வந்தது. எல்லாரும் ஒரே கலர் சட்டை போட்டுக் கும்பலா நடந்தா என்ன ஆகும்னு இந்த வீட்டுல ஒருத்தன் காட்டினது பத்தாதா என்று கேட்டுவிட்டு, அதை அலமாரி உச்சியில் வைத்துவிட்டார். அன்றைக்கு உன் பெயரைச் சொல்லவில்லைதான். ஆனாலும் இரண்டு வருடத்தில் உன்னைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

அந்தத் தறையாணிகளில் ஒன்று காதுக்கு மேலே குத்திக்கொண்டே இருந்தது. நேற்று நாற்காலி போட்டு எடுத்துப் போட்டுப் பார்த்தேன். குத்தவில்லை. யாரோ அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அரம் பிடிக்கத் தெரியாது. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது என் முன்னால் அந்தப் பட்டியல் இருக்கிறது. வெள்ளி மதியத்துக்குள் கொடுக்க வேண்டும். பத்து வரிகள் எழுதி முடித்துவிட்டேன். பதினோராவது வரியை நான் அடிக்கப்போவதில்லை. இப்படி எழுதியிருக்கிறேன்:

வாள். மரத்தில் செய்தது, பாலிக் புலாவ். அணியவில்லை. காரணம்: என் அண்ணன் சிறையில் இருப்பதால் நான் வாளோடு நிற்கக்கூடாது என்று சொன்னார்கள்.

உறையைக் கழற்ற மாட்டேன். வெறும் உறையை இடது பக்கம் தொங்கவிட்டுக்கொண்டுதான் ஐந்து பேருக்கு முன்னால் நடப்பேன். நீதிபதி அதைப் பார்த்துக் கேட்பார். கேட்காமல் இருக்கவே முடியாது. கேட்டதும் மைக்கில் மலாயில் சொல்வேன். யார் மேலும் பழி போடப் போவதில்லை, டீச்சர் பெயரையும் சொல்லப் போவதில்லை. இல்லாத பொருளுக்குக் காரணம் கேட்பார்கள், நான் காரணம் சொல்வேன், அவ்வளவுதான்.

மற்றவர்களிடமும் கேட்டேன். மதிப்பெண் போனால் ஆறு பேருக்கும்தானே போகும். நான்கு பேர் எழுது என்றார்கள். ஒருத்தி மட்டும் இன்னும் என்னோடு பேசவில்லை. அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

அண்ணா, பயமாக இருக்கிறது. அப்பா காதுக்குப் போகும். அம்மாவைக் கோயிலில் நிறுத்திக் கேட்பார்கள். டீச்சர் என்னைக் கழகத்திலிருந்தே எடுத்துவிடலாம். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். யோசித்தும் அந்த வரியை அடிக்க மனம் வரவில்லை. அடித்தால் எனக்கு அண்ணனே இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்.

நீ செய்தது சரி என்று சொல்லப்போகிறேன் என்று நினைத்துவிடாதே. கும்பலோடு போய் நீ வெட்டிய அந்த ஆளுக்கு இன்னும் வலது கை முழுதாக மேலே தூக்க வரவில்லை. அவருடைய மகள் என் பள்ளியில்தான் இரண்டாம் படிவம் படிக்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் நான்தான் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன். அவளுக்கு முன்னால் குனிவேன். மற்ற யாருக்கு முன்னாலும் இனிமேல் குனிய மாட்டேன். உன் தப்புக்கு நீ உள்ளே இருக்கிறாய். எனக்கு யாரும் தண்டனை எழுதவில்லை. எழுதாத தண்டனையை நான் ஏன் அனுபவிக்க வேண்டும்?

முறைப்படி உன்னிடம் அனுமதி கேட்க வேண்டும். உன் கதையைத்தானே மைக்கில் சொல்லப்போகிறேன். ஆனால் தமிழில் எழுதினால், படிக்கத் தெரிந்த அதிகாரி வரும் வரை கடிதம் மேசையிலேயே கிடக்கும் என்று நீ அம்மாவிடம் சொன்னாய். இது உன் கைக்கு வரும்போது சனிக்கிழமை எப்போதோ போயிருக்கும். அதனால் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். வேண்டாம் என்று நீ சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன். கோபம் இருந்தால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். வீட்டுக்குப் போடாதே. லைலாவின் முகவரியைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அங்கே எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை என்று அம்மா சொன்னார். சனிக்கிழமை எங்களுக்கும் ஒரே நிறம்தான், சிவப்பு. அம்மாதான் தைத்தார். என்ன உடுப்பு என்று கேட்காமலே ஆறையும் தைத்துக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணி வாக்கில், தண்ணீர் குடிக்கும்போது உனக்குப் புரை ஏறியிருந்தால் அது நான்தான். மூன்று பள்ளி கேட்க உன்னை என் அண்ணன் என்று சொல்லியிருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. பழைய ஆட்கள் அங்கேயும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உள்ளே கூப்பிட்டாலும் சரி, வெளியே வந்த பிறகு வாசலில் வண்டியோடு நின்று கூப்பிட்டாலும் சரி, அவர்களோடு போகாதே. கொஞ்சம் பொறுத்து நில். அழைத்துப்போக நான் வருவேன். அப்பாவும் வரக்கூடும்.

உன் மேல் பாசமும் கொஞ்சம் கோபமும் உள்ள தங்கை,
காமினி