ரெண்டாம் லைன், பதினாலாம் நம்பர்

திங்கள், 8

தூறல். எங்க கோரமண்டல் ஏரியா முழுக்க சேறு. துணி காயல.

வீட்லேர்ந்து வேலை, முதல் நாள். மேனேஜர் கிரீஷ் சார் கண்டிஷன்: இந்த ஒரு வாரம் சோதனை. வெள்ளி 11 மணிக்கு கஸ்டமருக்கு டெமோ. வீட்லேர்ந்தே ஒழுங்கா ஓட்டிக் காட்டினா வாரத்துல மூணு நாள் வீடு. சொதப்பினா பழையபடி தினம் ஆபீசுக்கு பெங்களூரு ரயில் வண்டி. ஒன்பது வருஷமா அந்த வண்டி. போதும்பா.

ஏழு மணி வரைக்கும் தூங்கினேன். அவ்ளோ சுகம்.

சாயந்தரம் தலைவலி ஆரம்பம். லேப்டாப்லேர்ந்து ஆபீஸ் டேட்டாபேஸ் கிடைக்குது. அதே லேப்டாப்புக்குள்ள தனியா ஓடற கன்டெய்னருக்குள்ளேர்ந்து கிடைக்கல. டெமோ ஓடவேண்டியது கன்டெய்னருக்குள்ளதான்.

செவ்வாய், 9

வெயில். நெட்வொர்க் அதே கதி. இதுவரைக்கும் செஞ்சது:

டிஎன்எஸ் மாத்தினேன்.
ஃபயர்வால் நிறுத்தினேன்.
கன்டெய்னரை அழிச்சு மறுபடி உண்டாக்கினேன், மூணு வாட்டி.
ரவுட்டரைத் தூக்கி பீரோ மேல வெச்சேன். (அத்தை யோசனை.)

அத்தை, அதாவது மாமியார்: "இன்னாம்மா, காலையிலேர்ந்து அந்தப் பொட்டியவே மொறச்சிக்கினு கீற. வீட்லதான இருக்க, இந்தக் கீரைய ஆய்ஞ்சு குடு."

கன்டெய்னர்னா இன்னான்னு கேட்டாங்க. வீட்ல ஒரு ரூமை வாடகைக்கு விடற மாதிரி, லேப்டாப்புக்குள்ள தனி ரூம்னு சொன்னேன். "தொல்லை குடுத்தா காலி பண்ணச் சொல்லு." மூணு வாட்டி காலி பண்ணிட்டேன் அத்தை.

கிரீஷ் சாருக்கு மெயில்: தப்பு ஆபீஸ் பக்கம்தான், பாருங்க. கொஞ்சம் திமிராவே எழுதிட்டேன். பதில்: இங்க எல்லாருக்கும் ஓடுதே, நாளைக்கு வந்துடறீங்களா?

வர மாட்டேன்.

புதன், 10

மேகமூட்டம். ஆறு மணிக்கு எங்க வீட்ல ஜெபக் கூட்டம். லேப்டாப்பை மூடிட்டு முப்பது பேருக்கு வடை சுட்டேன். வந்தது ஒன்பது பேர். போதகரையும் காணோம்.

சபை செக்ரட்டரி குரூப்ல போட்டது இவ்ளோதான்: "இன்று வீட்டு ஜெபம், ரெண்டாம் லைன், 14-ம் நம்பர்." பேரும் இல்ல, ஏரியாவும் இல்ல.

போன் போட்டா போதகருக்குப் பின்னாடி பாட்டுச் சத்தம். ஊரோட இன்னொரு பக்கம், மைசூர் மைன்ஸ் ஏரியால இருக்காங்க. அங்கேயும் ஒரு ரெண்டாம் லைன், அதுலயும் ஒரு பதினாலு. தங்கச் சுரங்கம் ஓடின காலத்துக் குவார்ட்டர்ஸ், ஒவ்வொரு ஏரியாவிலயும் முதல்லேர்ந்து நம்பர் போட்டு வெச்சிருக்கான். போதகர் ஊருக்குப் புதுசு, குடியிருக்கறதும் அங்கதான். மத்தவங்களும் அந்தப் பக்கத்து ஆளுங்க, அவர் பின்னாலயே போயிட்டாங்க.

அந்த வீட்டம்மா இந்து. பைபிளோட இருபது பேர் வந்து நிக்க, பாய் போட்டு காபி குடுத்திருக்காங்க. வீட்டுக்காரரோட முட்டி வலி கேள்விப்பட்டு வந்திருக்காங்கன்னு நெனச்சாங்களாம். போதகரும் முட்டிக்கு ஜெபம் பண்ணிட்டாரு.

அத்தைக்குக் கோவம். "எத்தினி வருஷமா என்னைத் தெரியும், ஒருத்திக்காச்சும் இங்க வரணும்னு தோணல?"

பக்கத்து வீட்டு மேரி அக்கா: "அந்த நம்பர் அவங்க தெருவுலயே கீதே. அப்பால எதுக்குத் தெருவைத் தாண்டி வரப் போறாங்க?"

வடைத் தட்டை மேரி அக்கா மடியில வெச்சிட்டு லேப்டாப்புக்கு ஓடினேன்.

கன்டெய்னரோட நெட்வொர்க் முகவரி 172.17-ல ஆரம்பிக்குது. ஆபீஸ் டேட்டாபேஸோட முகவரியும் அதே 172.17. அந்த நம்பரைப் பாத்ததும் நம்ம தெருதான்னு கன்டெய்னர் உள்ளேயே தேடிக்கினு இருக்கு. வாசப்படியே தாண்டல. கன்டெய்னருக்கு வேற நம்பர் வரிசை குடுத்து மறுபடி ஸ்டார்ட் பண்ணேன். டேட்டாபேஸ் கிடைச்சிடுச்சு.

ஆக, தப்பு என் பக்கம். அந்த மெயிலை நெனச்சா வெக்கமா இருக்கு.

மிச்ச வடைல ஆறு நானே தின்னேன்.

வெள்ளி, 12

மழை இல்ல, கரண்டும் போகல. டெமோ ஓடிச்சு. கிரீஷ் சார்கிட்ட சாரி கேட்டேன், சிரிச்சாரு. மதியம் மெயில்: திங்கள், செவ்வாய், வியாழன் வீடு. நிரந்தரமா.

பாத்ரூம்ல போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷம்தான்.

ஞாயிறு, 14

ஆராதனையில அத்தை எழுந்து சாட்சி சொன்னாங்க. ஜெபத்துனால மருமவ வேலை ஜெயிச்சுதாம். அதோட நிறுத்தியிருக்கலாம். "ஸ்டெல்லா இனிமே வீட்லதான் இருப்பா. யாருக்கு போன்ல, நெட்ல இன்னா பிரச்சினைன்னாலும் வாங்க."

வெளிய வந்தா வரிசை. ஒருத்தருக்கு ஆதார் திருத்தம். ஒருத்தருக்கு பென்ஷன் ஓடிபி வரல. போதகருக்கு புளூடூத் ஸ்பீக்கர். மேரி அக்கா புருஷனுக்கு போன்ல படம் எல்லாம் தலைகீழா தெரியுதாம். ஒவ்வொருத்தரும் அதே கேள்வி: "நாளைக்குப் பத்து மணிக்கு வரட்டுமாம்மா, சும்மாதான இருப்ப?"

அத்தை எல்லாருக்கும் தலையாட்டினாங்க.

திங்கள், 15

பனி. காலை வண்டி. பங்காருபேட்டை தாண்டியாச்சு. ஜன்னல் சீட், காத்து, யாரும் எதையும் கேக்கல.

கிரீஷ் சார் மெசேஜ்: "ட்ரெயின்ல இருக்கீங்களாமே? இன்னிக்கு உங்களுக்கு வீடுதானே?"

வீட்ல நெட்வொர்க் பிரச்சினை சார்னு பதில் போட்டுட்டேன்.