‘நான்லத்தில்’ என்ற பிழை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். நீயும் நலமாக இருப்பாய். தூக்கம் மட்டும் கொஞ்ச நாளாகக் குறைந்திருக்கும். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. என்னோடு பேசுவதில்லை, அவ்வளவுதான். சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். காரணம் உனக்குத் தெரியும். போனை நீ எடுப்பதில்லை என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

உன் மனைவியிடம் நீ வேறு மாதிரி சொல்லியிருக்கிறாய் போலிருக்கிறது. அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். அவளும் படிக்கட்டும்.

வேலையில் சேர்ந்த புதிதில், ரெகெக்ஸ் ஒன்றும் பிடிபடவில்லை, வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று போனில் அழுதாய். பழைய செய்தித்தாள்களைக் கணினியில் ஏற்றும் காப்பகத்தில் எனக்கு அன்றாடம் அதுதான் பிழைப்பு: பெரிய உரைக்குள் வேண்டிய சொல்லை அதன் அமைப்பைச் சொல்லித் தேடுவது, மாற்றுவது. ஆபீஸ் முடிந்து வந்து உனக்காக உட்கார்ந்து பாடம் பாடமாக எழுதி அனுப்பினேன். “அக்கா சொல்வதைக் கேள், தேடும் சொல்லுக்கு நடுவில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தால் அங்கே எந்த எழுத்தும் வரலாம்” என்று, பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்வது போல. நீ தேறினாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன வருடம் என் மேலதிகாரி ஒரு சின்னப் புத்தகத்தை நீட்டினார். “எவ்வளவு லேசா சொல்லியிருக்கார் பாருங்க, உங்க ஆளுங்களுக்கும் வாங்கிக் குடுங்க” என்றார். அட்டையில் உன் பெயர், உன் படம். உள்ளே என் வரிகள். அக்கா என்று வந்த இடமெல்லாம் ‘நான்’ என்று மாற்றியிருந்தாய். கூப்பிட்டுக் கேட்டபோது நீ சொன்னது எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. “எனக்காகத்தானேக்கா எழுதுன? அப்ப அது என்னோடதுதானே. நீ என்ன, புத்தகமா போடப் போற?”

போட்டேன்.

நானே பக்கம் அமைத்து, நானே அட்டை செய்து, உன்னுடையது விற்கும் அதே இணையக் கடையில் ஏற்றினேன். கடைசியில் ஓர் அத்தியாயம் புதிதாகச் சேர்த்தேன்: கண்ணை மூடிக்கொண்டு சொல் மாற்றினால் என்ன ஆகும் என்பது. முழுச் சொல்லா, இன்னொரு சொல்லுக்குள் இருக்கும் துண்டா என்று பார்க்காமல் மாற்றிவிட்டாய். ‘அக்காலத்தில்’ என்று நான் எழுதியது உன் புத்தகத்தில் ‘நான்லத்தில்’. ‘அக்காரணத்தால்’ என்பது ‘நான்ரணத்தால்’. இதைத் தவிர்க்கும் வழி இரண்டாம் பாடத்திலேயே இருக்கிறது. திருடியவன் படிக்கவாவது செய்திருக்கலாம்.

உன் பெயரை எங்கும் போடவில்லை. ‘விற்பனையில் உள்ள ஒரு நூலில்’ என்று மட்டும் எழுதி, பக்க எண்ணைக் கொடுத்து, அங்கே முதலில் என்ன சொல் இருந்திருக்கும் என்று கண்டுபிடிப்பதைப் பயிற்சியாக வைத்தேன். வாசகர்கள் கெட்டிக்காரர்கள்.

ஆபீஸில் உன்னை ‘நான்லம்’ என்று கூப்பிடுகிறார்களாம், உன் மனைவி சொல்லி அழுதாள். அவள் அழுதது கஷ்டமாக இருந்தது. நீ குறுகிப்போனதைக் கேட்டது இனித்தது. பொய் சொல்வானேன், அன்று ஒரு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டேன்.

“ஒரு வயித்துல பொறந்தவன இப்படியா சந்தி சிரிக்க வைப்ப? அந்தக் கடைசிப் பாடத்த எடுத்துடு” என்றாள் அம்மா. இரண்டாம் பதிப்பு தயாராகிறது. எடுக்கவில்லை. உன் புத்தகத்தைக் கடையிலிருந்து இறக்கிவிட்டு, யார் எழுதியது என்று எல்லோரும் பார்க்கும்படி நாலு வரி போடு, அப்போது எடுக்கிறேன். அதுவரை அம்மா பேசாவிட்டாலும் தாங்கிக்கொள்வேன்.

அங்கே குளிர் அதிகம் என்று கேள்வி. காதை மூடிக்கொண்டு வெளியே போ, உனக்குச் சட்டென்று காதுவலி வந்துவிடும். குடும்பத்தோடு நன்றாக இரு. இதற்குப் பதில் எழுது. திட்டித்தான் எழுதுவாய் என்றாலும் சரி, ஒவ்வொரு வார்த்தையும் உன்னுடையதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா