கசிந்த மின்சாரமும் ஈர வத்தலும்

அன்பு மகள் கோகிலாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அய்யாவும் சுகம், ஆடுகளும் சுகம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். பன்னிரண்டு நாளாக நீ போனை எடுக்கவில்லை, உன் கோபம் நியாயம்தான், அதனால்தான் பேனாவை எடுத்தேன், பக்கத்து வீட்டு கவிப்ரியா இதைப் போட்டோ எடுத்து அனுப்புவாள்.

வைரச் சில்லுக்குள் ஓர் அணு இல்லாத காலி இடம் இருக்கும், அங்கே நிற்கும் எலக்ட்ரானை, காதுக்கு எட்டாத சத்தத்தை வைரத்தில் ஓடவிட்டே சொன்னபடி நிலை மாற வைக்கலாம் என்று நீ சொன்னபோது, என் வயிற்றில் பிறந்ததா இது என்று மலைத்துப்போனேன். மூன்று வருட உழைப்பு அச்சுக்குப் போகிற நேரத்தில், எலக்ட்ரானை மாற்றியது சத்தம் அல்ல, சத்தம் எழுப்புகிற கம்பியிலிருந்து கசிந்த மின்சாரம் என்று நீயே கண்டுபிடித்து, நீயே புரொபசரிடம் சொன்னாய். திருப்பிச் செய்ய இன்னும் ஒரு வருடம் என்றாய். நான் பாவி, யாருக்கும் தெரியாததை நீயா எதுக்கு ஆத்தா சொன்னே, நிச்சயம் பண்ணின சிக்கல் ஊர் மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்ல என்று கத்திவிட்டேன்.

நேற்று நம் மிளகாய் எடுக்க வியாபாரி ஹமீது பாய் வந்தார். மூட்டை வாயில் கைவிட்டு நாலு வத்தலைக் காதோரம் குலுக்கினார், விதை கலகலவென்றது, நல்லாக் காஞ்சிருக்கு, ஏத்துங்க என்றார். அடியில் இருப்பது போன வார மழையில் நனைந்தது, அவருக்குத் தெரியாது. என் வாய் சும்மா இருக்கவில்லை, அடியில ஈரம் இருக்கு பாய், இன்னும் ரெண்டு வெயில் காட்டணும் என்று சொல்லிவிட்டது. வந்த வண்டி காலியாகப் போனது. தாயைப் போல பிள்ளைன்னு சொல்வாக, நம்ம வீட்டுல பிள்ளையைப் போலத் தாய் என்று உன் அய்யா சிரித்தார். களத்தில் வத்தலைப் பரப்பிக்கொண்டே அழுதேன். நாலு மூட்டைக்கே எனக்கு இத்தனை வலி என்றால், மூன்று வருடத்தை நீ எப்படித்தான் எடுத்துக் கொடுத்தாயோ! உன்னைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

உடனே சிக்கலுக்குப் போன் போட்டு, கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளி வைக்கணும் என்று சொன்னோம். ஒரு வருசந்தான அத்தை, இருக்கேன் என்று மாப்பிள்ளை யோகேஸ்வரன் ஒரு நொடியில் சொல்லிவிட்டார். எனக்குத்தான் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. நிஜத்தைச் சொல்கிறேன் தாயி, அன்றைக்கு நான் கத்தியது மாப்பிள்ளை வீட்டுக்காக இல்லை. உன்னைப் பார்க்காமல் இன்னும் ஒரு வருடம் இருக்க வேண்டுமே என்றுதான்.

எடுத்த காரியத்தை முடித்துவிட்டே வா, கருப்பசாமி கூட நிற்பார். தலைக்கு எண்ணெய் வை. போனை எடு.

உன் அம்மா,
நாகலெட்சுமி