மூன்று நாள் வாய் திறக்காத சாட்சி

ஜூன் 3, செவ்வாய்
ஹிஞ்சேவாடி ஐ.டி. பார்க் நெரிசலில் ஆபீஸ் கேப் ஒரு மணி நேரம் நகரவில்லை. நகைக்கடைக் கொள்ளைத் தொடரின் கடைசிப் பகுதியைப் பார்த்து முடித்தேன். முப்பது வருடம் முன்பு இதே புனேயில் நடந்த உண்மைச் சம்பவமாம். கருத்துப் பகுதியில் எழுதினேன்: “திருடனைப் பார்த்த டைப்பிஸ்ட் மூன்று நாள் வாயே திறக்கவில்லையாம். நம்பவா? அவளுக்கும் பங்கு இருந்திருக்கும். நடிப்போ தலைவலி.”

ஜூன் 4, புதன்
1,840 லைக்! என் கருத்துதான் முதலிடம். ஆபீசில் ஷ்யாமிடம் இரண்டு தடவை காட்டினேன். மூன்றாவது தடவை எழுந்தே போய்விட்டான்.

ஜூன் 7, சனி
கீழ்வீட்டு வேதமணி ஆன்ட்டி கூப்பிட்டார். கண்புரை ஆபரேஷன் ஆகி, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

“வித்யா, அந்த நகைக்கடை நாடகத்துக்கு ஜனங்க என்ன எழுதிருக்காங்கன்னு வாசிச்சுக் காட்டும்மா.”

“உங்களுக்கு எதுக்கு ஆன்ட்டி அதெல்லாம்?”

“அந்த டைப்பிஸ்ட் நான்தாம்மா.”

ஐயோ. என்ன பண்ணித் தொலைச்சேன் நான்!

முதலில் நிற்பது என் கருத்து. அதைத் தாண்டிக் குதித்து இரண்டாவதிலிருந்து வாசித்தேன். “டைப்பிஸ்ட் தங்கமான பெண்” என்று நானாகவே ஒன்றைச் சேர்த்தும் விட்டேன்.

“முதல்ல உள்ளத விட்டுட்டியே” என்றார். “எம் மவ ஜெனிபர் நேத்தே போன்ல வாசிச்சுட்டா.”

“அது... நான் எழுதினதுதாங்க ஆன்ட்டி.”

கறுப்புக் கண்ணாடியை மூக்கில் சரிசெய்தார். பிறகு, “கண்ணுல மருந்து விட்டிருக்கு, சிரிக்க வைக்காத” என்று குலுங்கினார்.

அன்று ஆன்ட்டி, காய்ச்சல் என்று ஆபீசில் பொய் சொல்லிவிட்டு மேட்னி போயிருக்கிறார். தியேட்டரை விட்டு வரும்போது, பக்கத்து நகைக்கடைச் சுவரை ஒருவன் தாண்டி ஓடியதைப் பார்த்திருக்கிறார். சொன்னால் பொய் வெளியே வரும், வேலை போகும். சந்தேகத்தில் கடை வாட்ச்மேனைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

“நாலாம் நாள் போய்ச் சொன்னேன். அவர விட்டாங்க. ஆனா மூணு நாள் உள்ள இருந்தாரே, அதுக்கு நான் மன்னிப்பே கேக்கல்லியே.” இப்போது சிரிப்பு இல்லை.

ஜூன் 8, ஞாயிறு
என் கருத்தை நீக்கினேன். ஆன்ட்டி சொல்லச் சொல்ல, அவர் பெயரிலேயே புதிதாக ஒன்று, தமிழிலும் மராத்தியிலுமாகத் தட்டினேன். மேட்னி, பொய், பயம் எல்லாம். வாட்ச்மேன் சாளுங்கே குடும்பத்திடம் மன்னிப்பு. முடிவில், “என் வேஷம் போட்ட நடிகை ரெண்டு விரலாலதான் டைப் அடிக்கா. அதையும் போடு.”

ஜூன் 11, புதன்
ஆறு லைக். ஒன்று என்னுடையது. இன்னொன்று ஷ்யாமை மிரட்டி வாங்கியது.

ஜூன் 17, செவ்வாய்
மராத்தியில் ஒரு பதில். சாளுங்கேயின் மகள்! அப்பா புனே பக்கத்தில் கடக்வாஸ்லாவில் நலமாக இருக்கிறார், வாருங்கள் என்று எழுதியிருக்கிறாள்.

“திட்டிருக்காளா?” என்று ஆன்ட்டி நாலு தடவை கேட்டார்.

ஜூன் 22, ஞாயிறு
பஸ்ஸில் வழியெல்லாம் மராத்தியில் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்த ஆன்ட்டி, அவரைக் கண்டதும் அத்தனையும் மறந்து அழுதுவிட்டார்.

எண்பது வயது சாளுங்கே காகா (இங்கே பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) பொறுமையாகக் கேட்டார். “கோபம் ரொம்ப வருஷம் இருந்துச்சு” என்றார் மராத்தியில். “ஆனா நாலாம் நாளும் நீ வந்து சொல்லாம இருந்திருந்தா?”

டீ வந்தது. பாதி குடித்துவிட்டு, “அன்னிக்குப் பார்த்த படம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்.

“மகா மோசம். இன்டர்வெல்லயே எழுந்து வந்துட்டேன்.”

“படம் நல்லா இருந்திருந்தா நான் இன்னும் உள்ளேதான்!” என்று காகா சிரித்த சிரிப்பில், மகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.