மட்கார்டு இல்லாமல் பெண் பார்க்க வந்தவருக்கு

இன்று காலை கல்கத்தா பவானிபூரில் மழை விட்ட நேரம். எனக்கு முன்னால் சைக்கிளில் போன ஓர் இளைஞனின் வெள்ளைச் சட்டையில், இடுப்பிலிருந்து பிடரி வரை ஒரே கோடாகச் சேறு தெறித்திருந்தது. 'வே' என்று கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். நீர் போய் இரண்டு வருஷம் ஆகிறது என்பது என் வாய்க்கு மட்டும் இன்னும் தெரியவில்லை.

அந்தக் கோட்டுக்கு நம் மெஸ்ஸில் 'முதுகு நாமம்' என்று பெயர். நெற்றி நிறைய விபூதி பூசுகிற உமக்கு, மழைக்கால வைணவர் என்று ஒரு பட்டமும் உண்டு. பட்டம் கொடுத்தவன் நான். ஆபீஸ் முழுக்கப் பரப்பியவனும் நான். நீர் கோபித்துக்கொள்ளவில்லை. "சேறு காஞ்சா உதுந்திரும், வே. உம்ம வாய்தான் காயவே மாட்டேங்கு" என்றதோடு சரி.

புது சைக்கிள் வாங்கிய அன்றே அதன் இரண்டு மட்கார்டையும் கழற்றி மாடிப்படிக்கு அடியில் எறிந்தவர் நீர். ஒன்றில் மெஸ் சமையல்காரர் கொத்தமல்லி விதைத்தார். நன்றாகவே வந்தது. கோவில்பட்டிக் கரிசலில் பிறந்தவரின் தத்துவம் அது. பத்து மாதம் மழையே இல்லாத ஊரில் மட்கார்டு எதற்கு? பெய்கிற இரண்டு மாதத்திலோ கரிசல் மண் டயரோடு எழும்பி மட்கார்டுக்குள் அடைத்துக்கொள்ளும். சக்கரம் சுற்றாது. அப்புறம் சைக்கிளை மனிதன்தான் சுமக்க வேண்டும். நானோ தென்காசிக்காரன். எங்களுக்குச் சாரலும் சரளை மண்ணும். மட்கார்டு இல்லாத சைக்கிள் எனக்கு வேட்டி இல்லாத மனிதன் மாதிரி. சாப்பாட்டுப் பந்தியில் நாம் இதற்காகப் போட்ட சண்டையில் எத்தனை முறை ரசம் ஆறியிருக்கும்! ஒரு நாள்கூட நீர் விட்டுக்கொடுத்ததில்லை. "வானத்தப் பாத்து மட்கார்டு போடாதேயும். தரையப் பாத்துப் போடும்" என்பீர்.

அப்போதுதான் எனக்குப் பாலிகஞ்சில் பெண் பார்க்க ஏற்பாடானது. பெண்ணின் அப்பா பேங்க் ஆபீசர். சட்டை மடிப்பை வைத்தே ஆளை எடைபோடுவார் என்று கேள்வி. ஏற்கெனவே இரண்டு இடத்தில் என்னை வேண்டாம் என்றிருந்தார்கள். காரணம் என் முகம் என்று நானும், வாய் என்று நீரும் சொல்லிவந்தோம். ஊரிலிருந்து பெரியவர்கள் வர முடியவில்லை. எனக்கு இருந்த ஒரே பெரிய மனுஷர் நீர்தான்.

விடிந்ததிலிருந்து மழை. பஸ் இல்லை. சைக்கிளில் கிளம்பினோம். இப்போது அந்தத் தெருவுக்கு அடியில் ரயில் ஓடுகிறது. அப்போது அதற்காகத் தோண்டிய களிமண் தெரு முழுக்கக் கரைந்து கிடந்தது. கொஞ்ச தூரத்திலேயே என் முன்சக்கரம் நின்றுவிட்டது. மட்கார்டுக்குள் களிமண் இறுகியிருந்தது. குச்சியால் நோண்டினோம். நாலு சுற்றுச் சுற்றி மறுபடி நின்றது.

உம் வாழ்நாள் வெற்றி அது. ஆனால் 'நான் சொன்னேனா இல்லையா' என்று நீர் கேட்கவில்லை. உம் சைக்கிளை உருட்டி வரும்படி என்னிடம் கொடுத்துவிட்டு, என்னுடையதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டீர்.

"பேண்ட்ட மடிச்சி விட்டுக்கிட்டு ஓரமா வாரும். இன்னைக்கு உம்ம சட்டைதான் வே முக்கியம்."

களிமண் முடிந்து தார் ரோடு தெரிந்த பிறகுதான், என் சக்கரத்தை நோண்டிச் சுத்தம் செய்து இருவரும் ஏறி மிதித்தோம்.

அந்த வீட்டுக் கூடத்தில் நான் சலவைக்குப் போய் வந்தவன்போல உட்கார்ந்திருந்தேன். நீர் முதுகைச் சுவருக்குக் கொடுத்து நின்றே இருந்தீர். பெண்ணின் அப்பாவான பெரியவர் நம்மை மாறி மாறிப் பார்த்தார். ஒரே மழையில் ஒரே வழியாக வந்தவர்களில் ஒருவர் மட்டும் எப்படி இந்தக் கோலம் என்று கேட்டார். தன் சட்டைக்காக அடுத்தவனைச் சேற்றில் இறக்குகிற ஆள் என்று என்னைப் பற்றி அவர் முடிவு கட்டப்போவது முகத்திலேயே தெரிந்தது. நடந்ததைச் சொல்லிவிட வாயெடுத்தேன். நீர் என் காலை மிதித்தீர்.

"என் முட்டாத்தனம் சார். மட்கார்டு இல்லாம ஓட்டுதேன். கல்கத்தா மழைக்கு அது இல்லாம முடியாதுன்னு இவரு எத்தனையோ தடவ சொன்னாரு. எனக்குத்தான் புத்தி வரல."

ரசம் ஆறினாலும் விட்டுக்கொடுக்காத மனுஷர், ஜெயித்த அன்றைக்குப் போய்த் தோற்றேன் என்கிறார். பெரியவர் குளிர்ந்துபோய், மட்கார்டின் அவசியம் பற்றி உமக்கு நெடுநேரம் உபதேசம் செய்தார். எல்.கே.ஜி. பிள்ளைபோலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டீர். தெருமுனை திரும்பியதும்தான் சுயரூபம் வந்தது. "உள்ள சொன்னது எதுவும் செல்லாது, கேட்டீரா?"

கல்யாணம் நடந்தது. உம் பொய்தான் அதை நடத்திவைத்தது என்று நீர் கடைசிவரை நம்பினீர். நானும்தான். உம்மை எரித்துவிட்டு வந்த அன்று மனசு தாங்காமல் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்கத்தாவில் பிறந்தவள், சேற்றைக்கூட 'காதா' என்றுதான் சொல்வாள்.

"மட்கார்டு இல்லேன்னா முதுகுலதானே காதா தெறிக்கும்? அவருக்குத் தோள்ல எப்படி வந்துச்சு? டயர் அச்சே இருந்துச்சே. காபி குடுக்கும்போதே பார்த்தேன்."

சைக்கிளைக்கூட அடுத்தவர் சுமக்க வேண்டிய மாப்பிள்ளை என்று தெரிந்துமா சம்மதித்தாய் என்று கேட்டேன்.

"அப்படி ஒருத்தர் சுமந்துட்டு வர்றார்னா, உங்ககிட்ட ஏதோ இருக்கும்னு நெனச்சேன்."

அந்த 'ஏதோ' என்னவென்று இத்தனை வருஷத்தில் அவளுக்கும் பிடிபடவில்லை, எனக்கும் பிடிபடவில்லை. உமக்குத் தெரிந்திருக்கும். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீர். நீர் பார்த்த அந்த ஒன்றை நம்பித்தான், வே, நான் இன்னும் அந்த வீட்டு மாப்பிள்ளையாக உலவிக்கொண்டிருக்கிறேன்.